மதனின் பேஸ் கிட்டாரில் இரைச்சல் நின்ற விதம்

மைசூர், 1996-ஆம் வருடம் நவம்பர் மாதம் 3-ஆம் தேதி.

என் பெயர் ரத்தினசாமி, தகப்பனார் பெயர் ஜடையன், வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் கொள்ளேகால் தாலுகா மார்டள்ளி. தற்போது மைசூர் மேட்டகள்ளியில் மனைவி மக்களுடன் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, ஹெப்பாளில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஆபரேட்டராக வேலை செய்து வருகிறேன். லீவு நாட்களில் 'கபினி மெலடீஸ்' என்ற ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எனக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், ஆனால் எழுதியதைப் படிக்கத் தடுமாறுவேன் என்பதால், தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் நஞ்சுண்டசாமி அவர்கள் நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

இறந்துபோன மதன் எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். வயது முப்பத்தெட்டு. அவன் மனைவி பெயர் காவேரி. என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். மைக் செட் வாடகைக்கு விடும் மல்லப்பன் ஒயரைச் சரியாகப் போடாததால்தான் மின்சாரம் தாக்கி மதன் இறந்தான் என்று காவேரி புகார் எழுதிக் கொடுத்து, அதன் பேரில் மல்லப்பனைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். மல்லப்பன் மேல் தவறு இல்லை என்று சொல்வதற்காக, யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். வர மனமில்லாமல்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த பேஸ் கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குக் கிட்டார் ரிப்பேரும் தெரியும் என்பதால், பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது வழக்கம். பம்பாயிலிருந்து வரும் போலிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பெயரை மட்டும் மேலே ஒட்டி, வெளிநாட்டுச் சரக்கு என்று கூசாமல் சொல்வார்கள். ஐந்து வருடங்களுக்கு முன் நஜர்பாத்தில் டிசோசா என்ற பெரியவர், முன்பு ஊட்டி ஹோட்டல்களில் பேண்டு வாசித்தவர், விரல் மடங்காமல் போனதால் தன் பேஸ் கிட்டாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு மதன் என்னை அழைத்துப் போனான். அதுவும் போலியாகத்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டே போனேன்.

அது போலி இல்லை. கழுத்தைக் கழற்றிப் பார்த்ததில் மரத்தின் அடியில் பென்சிலால் 1961 என்று எழுதியிருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், பிற்காலத்தில் வந்தவற்றைப் போல வரிசையாக இல்லாமல், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், கம்பிகள் வந்து முடிகிற 'பிரிட்ஜ்' என்ற உலோகத் தகட்டின் மேல் இருந்த பளபளப்பான மூடியைத் திறந்தபோது தெரிந்தது. பிரிட்ஜிலிருந்து ஒரு பித்தளைப் பட்டை மரத்தின் மேலேயே வெளிப்படையாக ஓடியது. கம்பிகளை எர்த்தோடு சேர்ப்பதற்காக வைத்த பட்டை அது. சில வருடங்களிலேயே கம்பெனிக்காரர்கள் அதை மரத்துக்குள் மறைத்துவிட்டார்கள். வெளியே பட்டை தெரிந்தால் ஆதிகாலத்து உருப்படி என்று அர்த்தம். நான் மதனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவன் தன் ஸ்கூட்டரை விற்று அதை வாங்கினான்.

அந்தப் பட்டை பிரிட்ஜைத் தொடும் இடத்தில் டிசோசா ஒரு துண்டு சைக்கிள் டியூப் ரப்பரைச் செருகி வைத்திருந்தார். அதனால் பட்டை பிரிட்ஜில் படாமல் நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம ஊரு ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரெண்டு பின்னு மேன். எர்த்தே கிடையாது. உள்ள கரண்ட் லீக் ஆச்சுன்னா பட்டை வழியா நேரா கம்பிக்கு வந்துடும். நீ கம்பியப் பிடிச்சுக்கிட்டே மைக்குல வாய வெச்சா முடிஞ்சுது. இந்த ரப்பர எடுத்தா இரைச்சல் போகும், ஆனா ஆளும் போவான்" என்று சொன்னார். குமிழைத் திருகும்போதும் மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். இதை நானும் மதனும் மட்டும் கேட்டோம். அந்த ரப்பர் இருந்த காரணத்தால் அதற்குப் பிறகு ஐந்து வருடமும் அந்த பேஸ் கிட்டார் எந்த மேடையிலும் 'கர்ர்' என்று இரைந்துகொண்டே இருந்தது. பாடுகிறவர்கள் எல்லோரும் மதனைத் திட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

அதன் பிறகு அந்த பேஸ் கிட்டாரைப் பராமரித்தது பெரும்பாலும் காவேரிதான். மதன் பகலெல்லாம் நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். பழைய பாலிஷ் பால் ஏடு மாதிரி மெல்லியது, ஈரத்துணி படக் கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, மழைக்காலத்தில் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, கம்பிகளை முழுக்கத் தளர்த்தக் கூடாது என்று நானும் மதனும் அவளுக்கு மாறி மாறிச் சொன்னோம். அவள் ஒன்றைக்கூட மறந்ததில்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மதன் மூடியைத் திறந்து அந்தப் பட்டையைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வான், அவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் ரப்பரைப் பற்றி மட்டும் அவளிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. கரண்ட் விஷயம், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தோமோ என்னவோ, சொல்லத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

பிறகு இந்த மாதம் முதல் தேதி, கர்நாடக ராஜ்யோத்சவ விழாவை முன்னிட்டு, ஹெப்பாளில் ஒரு மைதானத்தில் எங்கள் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. மதியம் தூறல் போட்டுத் தரை ஈரமாக இருந்தது. மல்லப்பன் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, தண்ணீர் ஊற்றி, மைக்குகளுக்கு முறையாக எர்த் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பேஸ் கிட்டாரின் ஆம்ப் மதனுடைய சொந்த ஆம்ப், ரெண்டு பின் கொண்டது. நான் ஷிப்டு முடிந்து நேராக வந்தபோதுதான் அவர் எர்த் போட்டுக்கொண்டிருந்தார் என்பதால் ஒத்திகைக்கு நேரமில்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு எங்களுக்கு இதுதான் முதல் மேடை. மேடை ஏறியதும் மதன் என்னிடம், "அண்ணா, இரைச்சல் நின்னுபோச்சு கவனிச்சியா? ஆயுத பூஜைக்கு அப்புறம் சத்தமே இல்ல. இந்த வருஷம் பூஜை ஏத்துக்கிச்சு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எனக்கு மனதில் ஏதோ நெருடியது. மூடியைத் திறந்து பார் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அறிவிப்பாளர் எங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்.

முதல் பாட்டில் மதன் வாசித்துக்கொண்டே மைக்கை நெருங்கி வாய் வைத்தான். ஒரு வார்த்தை வந்தது. அடுத்தது வரவில்லை. பேஸ் மட்டும் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. அவனுடைய முதுகுதான் எனக்குத் தெரியும். ஏதோ புதிதாகச் செய்து காட்டுகிறான் என்று நினைத்து நான் தாளத்தைத் தொடர்ந்து வாசித்தேன். மல்லப்பன்தான் முதலில் புரிந்துகொண்டு, மைக் ஸ்டாண்டைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைக்க ஓடினார். அவர் தப்பித்து ஓடுவதாக நினைத்துக் கூட்டத்தில் இருந்தவர்கள் பிடித்து அடித்தார்கள். "நானு ஏனு மாடில்லா, ஸ்விட்ச், ஸ்விட்ச்" என்று அவர் கன்னடத்தில் கத்தியதை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று கத்தியதை, யாரும் காதில் வாங்கவில்லை. மதனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு நான் மதன் வீட்டில் இருந்தேன். காவேரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, அழுதுகொண்டே பின்வருமாறு சொன்னாள். "பூஜைக்கு எல்லாச் சாமானும் தொடைச்சேண்ணா. மரத்துல ஈரத்துணி படக் கூடாது, பொட்டு வெக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதனால மரத்தத் தொடவே இல்ல. அவரு பூ வாங்கப் போயிருந்தாரு. அந்தப் பட்டை கறுத்துக் கெடந்துச்சு, அவருக்கு அதுன்னா உசுரு. மூடியத் தொறந்து, பிசுபிசுன்னு ஏதோ ரப்பர் ஒட்டியிருந்துச்சு, அதச் சுரண்டிப் போட்டுட்டு, புளி போட்டு விளக்கு மாதிரி தேய்ச்சு வெச்சேன். அப்புறம் அவரு வந்து வாசிச்சுப் பாத்துட்டு, இரைச்சல் போயிடுச்சுடி, ஒன் கை ராசின்னு குதிச்சாரு. நான் தேய்ச்சதச் சொல்லல, அடுத்த தடவ யாராச்சும் வந்து தொறந்து பாக்கறப்ப தெரியட்டும்னு இருந்தேன். அவர நான் கடைசியா சந்தோஷப்படுத்துனது அதுதான், அது ஒண்ணு போதும் எனக்கு."

அதற்கப்புறம் அவள் மல்லப்பனைப் பற்றிச் சொன்னாள். "அவன் என் தாலிய அறுத்துட்டான். சும்மா விடமாட்டேன்" என்றாள்.

இன்று காலை நான் ஸ்டேஷனுக்கு வந்து, கைப்பற்றி வைத்திருக்கும் பேஸ் கிட்டாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில் மூடியைத் திறந்தேன். பென்சில் எழுத்து, குமிழ்கள், பட்டை ஆகியவற்றை வைத்து அது மதனுடையதுதான் என்று அடையாளம் காட்டினேன். பட்டை புத்தம் புதிதாக மின்னியது. ரப்பர் இல்லை. பட்டை பிரிட்ஜில் நன்றாகப் பதிந்திருந்தது. அதன் பிறகு, வரவழைக்கப்பட்ட எலெக்ட்ரீஷியன் மதனுடைய ஆம்பில் அதைச் செருகி, கம்பியில் டெஸ்டரை வைத்தபோது விளக்கு எரிந்தது. மல்லப்பனின் மைக்கில் வைத்தபோது எரியவில்லை. பட்டைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் காகிதம் வைத்துப் பார்த்தபோது கம்பியிலும் எரியவில்லை. ஆகவே மல்லப்பனின் ஒயரில் குறை ஏதும் இல்லை.

ரப்பரை எடுத்தது யார் என்பதை எழுத வேண்டாம், காணவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்று தலைமைக் காவலரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அதற்கு அவர், "யாரு எடுத்ததுன்னு இல்லாம எழுதினா, மேடைல ஒயர் மாட்டறப்ப மல்லப்பன்தான் எடுத்துப்போட்டான்னு கேஸ் திரும்பிடும் ரத்தினசாமி. அப்ப அவன் வெளிய வரவே மாட்டான். அவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கா. நீயே சொல்லு, எப்படி எழுதட்டும்?" என்று கேட்டார். நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் புளி போட்டுத் தேய்த்த பித்தளையைப் பார்த்தால் அது யார் கைவேலை என்று குடும்பம் நடத்துகிற எவருக்கும் தெரியும், என் பொய் மல்லப்பனையும் காப்பாற்றாது. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். ரப்பரை எடுத்தது மதனின் மனைவி காவேரி. அது எதற்கு இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்த இரண்டு பேரில் ஒருவன் இறந்துவிட்டான், இன்னொருவன் நான். குற்றம் என்று ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

காவேரி இப்போது ஸ்டேஷன் வாசலில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். துக்கம் நடந்த வீட்டிலிருந்து இத்தனை சீக்கிரம் வெளியே போகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் கேட்காமல் வந்திருக்கிறாள். நான் மல்லப்பனுக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நல்லா அழுத்திச் சொல்லுங்கண்ணா" என்று சொல்லி என்னை உள்ளே அனுப்பினாள். புகார் கொடுத்தவள் என்ற முறையில் அவளைக் கூப்பிட்டு இந்த விவரத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்கிறார். போலீஸ் வாயால் அவள் இதைக் கேட்க வேண்டாம். நானே போய்ச் சொல்கிறேன். அதுவரை அவளை உள்ளே கூப்பிடாமல் இருக்க வேண்டுகிறேன்.

எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம் என்றார்கள். வாசல் வரை கேட்கும் என்பதால் உரக்கப் படிக்க வேண்டாம் என்று சொல்லி, தாள்களைக் கையில் வாங்கி நானே மனதுக்குள் படித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இதில் ஒரு வரியாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது, ஆனால் எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜ. ரத்தினசாமி

குறிப்பு: மேற்படி சாட்சி என் முன்னிலையில் கையெழுத்திட்டார். வெளியே போகலாம் என்று இருமுறை சொல்லியும் இருக்கையை விட்டு எழவில்லை. சாட்சி சொல்லி முடித்தாயிற்றா என்று மேற்படி காவேரி வாசலிலிருந்து கேட்டதற்கு, இன்னும் இல்லை என்று சாட்சியே பதில் சொன்னார்.

(ஒப்பம்) நஞ்சுண்டசாமி, தலைமைக் காவலர்