கேலனுக்கு இருபத்திரண்டு

சாரல் காலத்தில் ஒரு ஈரத் துண்டு எவ்வளவு கனக்கும் என்று என்றைக்காவது தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர்? பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தச் சிவப்பு வண்டியை வாங்கும்வரை நானும் பார்த்ததில்லை.

மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை, சீமைக்குத் திரும்பும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். காலை வைத்தால் பறக்கும். அது வருகிற சத்தம் கேட்டால் செங்கோட்டைச் சாலையில் மாடுகள் தாமாகவே வயலுக்குள் இறங்கிவிடும். கூடவே ஒரு புத்தகம் கொடுத்தார். கேலனுக்கு இருபத்திரண்டு மைல் கொடுக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. நான் அச்சடித்ததை நம்புகிறவன்.

வண்டி கொடுத்ததென்னவோ ஒன்பதுதான். அது எனக்கும் வண்டிக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

போன மாதம் ஐந்தருவிக்குப் போகிற வழியில் உள்ள காபிக்கடையில் வைத்து வக்கீல் அருமைநாயகம் கேட்டார். அவரிடம் ஒரு குட்டிக் கார் உண்டு. தகர டப்பாவுக்கு நாலு சக்கரம் மாட்டினது மாதிரி இருக்கும்.

"அண்ணாச்சி, நம்ம டப்பா முப்பத்தஞ்சு குடுக்கு. ஒங்க சீமை ராணி எத்தன குடுக்கா?"

"இருபத்திரெண்டு" என்றேன்.

"பாத்தா ஒம்பது, பத்து குடுக்கிற வண்டி மாதிரில்லா இருக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பஜ்ஜி போடுகிறவன்கூடச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "குடுக்கலேன்னா மீசைய எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டேன். சிவகிரிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் செத்தவனுக்குக்கூட மீசையை எடுத்தது கிடையாது. சொன்ன சொல் சொன்னதுதான், அதை இனி வண்டிதான் காப்பாற்ற வேண்டும்.

ஏற்பாடு இதுதான். டாங்கைக் காலி செய்து வக்கீலே ஒரு கேலன் ஊற்றி, மூடிக்கு அரக்கு வைப்பார். தென்காசிக் கோவில் வாசலிலிருந்து கிளம்பிப் புளியறை வழியாக மலையேறிக் கேரள எல்லையில் இருக்கிற கோட்டைவாசலைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போக பதினொரு மைல், வர பதினொன்று. கூட ஒரு சாட்சி வர வேண்டும். என் மனைவி மங்களேஸ்வரியின் தம்பி குத்தாலிங்கத்தை வக்கீலே தேர்ந்தெடுத்தார். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது ஊருக்கே தெரியும். நல்ல தாட்டியமான உடம்பு என்பதும் தெரியும்.

நான் யோசித்தேன். இன்ஜினை நம்மால் மாற்ற முடியாது, கனத்தைக் குறைக்கலாம். உபரிச் சக்கரத்தைக் கழற்றினேன். ஜாக்கியை எடுத்தேன். மேல்கூரையை உரித்தேன். ஸீட்டுக்குள் இருந்த தேங்காய்நாரை உருவினேன். இடது கதவு ஒரு கன்றுக்குட்டி கனம் இருந்தது, அதையும் எடுத்து நெல் போடுகிற கொட்டாரத்தில் சாய்த்து வைத்தேன். நானும் இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தேன். இதையெல்லாம் கெட்ட எண்ணம் உள்ளவன் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

குத்தாலிங்கம் அன்று காலையில் என்ன செய்தான் தெரியுமா? உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்துவிட்டு, தலைமுடி சொட்டச் சொட்ட, தோளில் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. துண்டை வாங்கி நன்றாகப் பிழிந்து அவனிடமே கொடுத்தேன். எனக்கு அவன்மேல் ரொம்பப் பிரியம்.

கனம் குறைந்ததாலும் நான் காலை அழுத்தாமல் ஊர்ந்ததாலும் ஒன்பதைத் தாண்டித்தான் கொடுத்தது, ஆனாலும் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கிற்று. பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கோட்டைவாசலில் வண்டியைத் திருப்பும்போது ஊற்றின கேலனில் பாதிக்கும் நிரம்பக் கீழே. அங்கே நேந்திரம்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் தடுப்பதற்குள் இவன் இறங்கி ஒரு முழுத் தாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"மாப்பிளே, அத இங்கனயே வச்சிரு. பொறவு ஆளு விட்டு எடுத்துக்கிடுவோம்."

"அக்கா ஆசப்பட்டு கேட்டா அத்தான். ஒரு தாரு என்ன கனமாவா இருக்கப்போவுது?"

நான் தாரில் இருந்த சீப்புகளை எண்ணிக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டேன். மலைக்காற்று, லேசான தூறல். அப்போதுதான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரோடு தென்காசி போய்ச் சேராது, ஒருவரோடு சேரும். அவனிடம் மறைக்காமல் சொன்னேன். அவனும் நல்ல பையன், கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன அத்தான், நிறுத்துங்க. நான் எறங்கி நடந்து வாரேன்" என்றான். இறங்குவதாக அவனே சொன்னான், இதைக் கவனியுங்கள்.

ஆனால் நிறுத்த முடியாது. உருண்டு வருகிற வேகம் வீணாகிவிடும். பிறகு இன்ஜினைக் கிளப்பி நகர்த்த எத்தனை பெட்ரோல் போகும் என்பது வண்டி வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஆகவே நிறுத்தாமல் இறக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். புளியறைக்கு மேலே சாலை வலது பக்கம் வளைகிற இடம் வந்தது. இன்ஜின் ஓடாததால் கியருக்கு வேலை இல்லை, இடது கை சும்மாதான் இருந்தது. அதை அவன் தோளில் வைத்தேன். எண்ணெய் தேய்த்த உடம்பு. சிரமமே இல்லை.

தார் மட்டும் வண்டிக்குள்ளேயே சரிந்து தங்கிவிட்டது. அதையும் இறக்கியிருக்கலாம். மனம் வரவில்லை. மங்களேஸ்வரி ஆசைப்பட்டது.

தென்காசியின் மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வக்கீல் சவரக் கத்தியோடு ஆளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"குத்தாலிங்கத்த எங்க அண்ணாச்சி?"

"எறக்கி விட்டுட்டேன்."

"எங்கன?"

"புளியறை வளைவுல."

சாப்பிட இறங்கியிருப்பான் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். கேரளத்திலிருந்து வந்த லாரிக்காரர் வளைவுக்குக் கீழே பார்த்ததைச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. அந்தக் களேபரத்தில் என் மீசையை யாரும் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 'தள்ளிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'இறக்கிவிட்டேன்' என்று திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன். வார்த்தை முக்கியம். மங்களேஸ்வரியும் 'எறக்கி விட்டுட்டாரு' என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பழத்தைத் தொடவே இல்லையாம். துக்கம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது.

ஆனால் என்னை உண்மையில் அறுப்பது வேறு. உங்கள் ஏட்டு சுடலைக்கண்ணு, சோறு கொண்டுவந்து வைத்தபோது சும்மா இருக்காமல் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனார். "எறக்கத்துல கனம் இருந்தாத்தான வண்டி நல்லா உருளும் மொதலாளி? அவரு இருந்திருந்தா செங்கோட்டை வரைக்கும் சும்மாவே வந்திருக்குமே?"

நேற்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரிதான். நான் செய்தது பெரிய தப்பு, இன்ஸ்பெக்டர், எழுதிக்கொள்ளுங்கள். குத்தாலிங்கத்தை நான் ஏற்றத்திலேயே இறக்கியிருக்க வேண்டும்.