துலக்காத காசு

காசை அப்படி நடுவில் பிடிக்காதீர்கள், சார். இரண்டு விரலால் விளிம்பில் பிடியுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய் பட்டால் நாளைக்கே தெரியாது. ஆறு மாதம் கழித்து ரேகை அப்படியே பழுப்பாக எழுந்து நிற்கும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கடைக்கு வருகிற எல்லோருமே அப்படித்தான் பிடிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் அப்படித்தான் பிடித்தேன், முதலாளி புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

நீங்கள் ஏணியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். காசைச் சொல்லாமல் ஏணியை மட்டும் சொன்னால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்பீர்கள்.

பழைய காசுக் கடையில் மதிப்புப் போடுவது என் வேலை. பிஸ்கட் டப்பாவிலும் கிழிந்த காலுறையிலும் காசைப் போட்டுக்கொண்டு வருவார்கள். தாத்தா வைத்துவிட்டுப் போனது, இதை விற்றால் வீட்டுக்கு மாடி எடுக்கலாமா என்று கேட்பார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு டீக்குத்தாங்க வரும்" என்று சொல்லிவிடுவேன். அழுதவர்கள் உண்டு. சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. "கொஞ்சம் தேன் தடவிச் சொன்னா கொறஞ்சா போயிடுவே?" என்று முதலாளியே கடிந்துகொள்வார். தேன் தடவ எனக்கு வராது, சார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரே ஒரு சொல்தான்.

நான் சேர்த்தது தேய்ந்த நிக்கல் காசு. தங்கமும் வெள்ளியும் சேர்க்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடையில் எனக்குப் பட்டப்பெயரே 'செல்லாக்காசு'. ஆனால் நிக்கல் லேசில் தேயாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஒரு நிக்கல் காசில் முகம் அழிந்திருக்கிறது என்றால் அது எத்தனை பையில் கிடந்து, எத்தனை கை மாறி, எத்தனை கல்லாவில் விழுந்திருக்க வேண்டும். நான் ஒரே அச்சில் அடித்த காசாகத் தேடித் தேடி எடுத்தேன். முதல் காசில் அந்த முகத்தின் புருவ மயிர்கூடத் தெரியும். அடுத்ததில் புருவம் மங்கும், அதற்கடுத்ததில் காது போகும், பிறகு மூக்கு, பிறகு ஆண்டு. கடைசிக் காசு கூழாங்கல் மாதிரி வழுவழுப்பு. வரிசையாக அடுக்கினால் ஒரு ஆள் நம்மைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போவதுபோல இருக்கும். தனித்தனியாக எடுத்தால் ஒரு காசும் உப்புக்குப் பெறாது. வரிசைக்குத்தான் மதிப்பு. முப்பது வருஷம் ஆயிற்று அந்த வரிசை சேர.

பழைய காசின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். நாங்கள் அதைத் தோல் என்போம். பார்க்க அழுக்குப்போல இருக்கும். அது இருந்தால்தான் காசு தானாகத் தேய்ந்ததா, யாராவது உட்கார்ந்து தேய்த்ததா என்று சொல்ல முடியும். தோல் போனால் திரும்ப வராது.

இனி அக்கா. அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு. அப்பா பஸ் கண்டக்டர்; அதற்கப்புறம் அவர் வீட்டுக்கு வந்தாரே தவிர, வீட்டில் இருந்தார் என்று சொல்ல முடியாது. அக்காதான் தாய்க்குத் தாயாக இருந்து என்னை ஆளாக்கினாள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், "இவனுக்கு யாரு சோறு போடுவா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். எனக்கு நாற்பது வயது ஆன பிறகும் அதையே சொன்னாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அழுக்கு என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு வந்தவர் எழுந்து போனதும் அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிடுவாள்.

எங்கள் வீட்டு மர ஏணிக்கு இடது கால் குட்டை. ஒரு காசு கனம்தான் குறை. ஆனால் மேல்படிக்குப் போனால் அந்த ஒரு காசு கனம் ஆளையே அசைத்துவிடும். எனக்கு நாலு படி ஏறினாலே தலை சுற்றும், அதனால் பரணில் ஏறுவது எப்போதும் அக்காதான். ரொம்ப காலத்துக்கு முன்பே என் பெட்டியில் துழாவி, முகமே இல்லாத ஒரு காசை எடுத்துக்கொண்டாள். "இதுல ஒண்ணுமே இல்லியேடா, இது ஏணிக்கு ஆகும்" என்றாள். என்னிடம் அந்த அளவு தேய்ந்தது இன்னும் இரண்டு இருந்ததால் விட்டுவிட்டேன். அந்தக் காசு நடையின் மூலையில், சாத்தி வைத்த ஏணியின் காலடியிலேயே கிடக்கும். ஏணியை நகர்த்தினால் காசையும் எடுத்து வைப்பது என் வேலை. முதல் படியில் கால் வைக்கும் முன்னால் அக்கா கேட்பாள், "தம்பி, காசு வெச்சாச்சா?" என்று. நான் "வெச்சாச்சு" என்ற பிறகுதான் ஏறுவாள். கீழ்வீட்டு அம்மா உங்களிடம் சொன்னது அதைத்தான். அது உண்மை, எங்கள் வீட்டில் பேசினால் படிக்கட்டு வழியாக அவர்களுக்குக் கேட்கும்.

என் வரிசையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒருவர் வருவதாக முதலாளி ஏற்பாடு செய்தார். பெரிய கை. அவர் பார்த்து நல்லது என்று சொன்னால் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். நான் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு நிலைகொள்ளவில்லை. எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

அவர் வருவதற்கு முந்தின நாள் கடையிலிருந்து வந்தேன். வீடு முழுக்கப் பாத்திரம் தேய்க்கும் பொடி வாசனை. மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் என் காசு அத்தனையும் பரப்பியிருந்தாள். பொடி போட்டு, பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொன்றாகத் துலக்கியிருக்கிறாள். எல்லாம் கண்ணாடிபோல மின்னின. வரிசை எண் எழுதி வைத்த உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டாள். எந்தக் காசு எதற்கு அடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் விரல் நுனியெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

"நாலு பேரு வந்து பாக்குற எடத்துல அழுக்குக் காசைக் காட்டுவியா? அக்கான்னு ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம்னு கேக்க மாட்டாங்க?" என்றாள்.

"பளபளன்னு இருக்குக்கா" என்றேன். கவனியுங்கள், அது பொய் இல்லை.

மறுநாள் பெரியவர் வந்தார். ஒரு காசை எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார், வைத்துவிட்டார். இரண்டாவது காசை எடுக்கவில்லை.

"யாரு துலக்குனது?" என்று கேட்டார்.

அக்கா டீயோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நான்தாங்க. ஒரு நாள் முழுக்க ஆச்சு" என்று சிரித்தாள்.

"இனி இது எடைக்குத்தாம்மா போகும்" என்றார் அவர். நல்ல மனிதர், டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நல்லது செய்யப்போய் உன் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வார்த்தை திட்டுடா. இப்படி உம்முன்னு இருக்காதே."

"கோவமெல்லாம் இல்லக்கா" என்றேன். அதுவும் பொய் இல்லை, சார். கையை மடக்கி அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டால், எழுந்ததும் அது யாருடைய கையோ மாதிரி இருக்குமே, உள்ளே எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் கடைக்குப் போனேன். மூன்று பேருக்கு மதிப்புப் போட்டேன், மூன்றும் சரி.

அந்த வாரத்தில் ஒருநாள் நடையில் செருப்பை மாட்டும்போதுதான் பார்த்தேன். ஏணிக்காலடியில் அந்தக் காசு கிடந்தது. வீட்டிலேயே அவள் துலக்காத ஒரே காசு அதுதான். ஏணியைச் சாய்த்து அதை எடுத்தேன். தோல் அப்படியே இருந்தது, விளிம்பில் கொஞ்சம் மரத்தூள், அவ்வளவுதான். ஒரு உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பது வருஷத்தில் மிச்சம் அது ஒன்றுதான். அதைத் திரும்ப ஏணிக்கடியில் வைக்க எந்தச் சேகரிப்பாளருக்கும் மனம் வராது. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

அக்கா எப்படி ஈடுகட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாள் காலையில் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள், "அப்பா கண்டக்டரா இருந்தப்ப ஒதுக்கி வெச்ச டப்பா ஒண்ணு பரண்மேல கெடக்கும்டா. எல்லாம் அந்தக் காலத்து நிக்கலு. அதை நான் தொட்டதே இல்ல, உம்மேல சத்தியம். அதுலருந்து மறுபடி ஆரம்பிச்சுக்க. அக்கா எடுத்துத் தரேன்."

அவளுக்கு முட்டிவலி. ஏணியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து பரணில் சாய்த்தாள். நான் மேஜை பக்கத்தில், ஜன்னலோர நாற்காலியில் இருந்தேன்.

"தம்பி, காசு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு" என்றேன்.

நான் எழுந்து வந்தேனா என்று அவள் திரும்பியும் பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மேலே டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. "கெடச்சுடுச்சுடா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி அந்த வாரம் முழுக்க நான் கேட்கவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ஏணி இடது பக்கம் அசைந்தது.

டப்பா திறந்து காசெல்லாம் நடை முழுக்க ஓடிற்று. அக்கா சுவர் ஓரமாக விழுந்திருந்தாள், ஒரு கால் அடியில் மடங்கியிருந்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் ரத்தம். கண் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் ஒரு காசு கிடந்தது. அவள் கையை அதனிடமிருந்து இழுத்துக்கொண்டாள்.

"நான் தொடலடா. நீயே எடுத்துக்க" என்றாள்.

எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் விளிம்பில் பிடித்து எடுத்தேன். ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது, அதைக் குச்சி விட்டு எடுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நல்ல காசுகள், சார். அவள் சொன்னது உண்மை, யாரும் தொட்டதில்லை. நடுவில் அக்கா "தம்பி" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை என்று நினைக்கிறேன். வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டால் கலைந்துபோகும். பிறகு அவள் கூப்பிடவில்லை.

கீழ்வீட்டு அம்மா வந்து பார்த்துத்தான் கத்தினார்கள். "பாவி, அக்கா இப்படிக் கெடக்குறா, நீ காசு பாத்துட்டு உக்காந்திருக்கியே!" என்று. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவர்கள்தான். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். துக்கத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். நான் தலையாட்டினேன். எல்லோரும் போன பிறகு அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளைத் துடைத்தேன். அக்கா இருந்திருந்தால் துடைத்திருப்பாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காசை வைக்க மனம் வரவில்லை, சரி, வேறு ஒரு காசை வைத்திருக்கலாமே என்கிறீர்கள். துலக்கின காசுகள் அத்தனையும் வெள்ளைத் துண்டோடு மேஜைமேல்தானே கிடந்தன, எடைக்குப் போகிற காசுதானே என்கிறீர்கள்.

கேள்வி நியாயமானது. அந்த நேரத்தில் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் நான்தான் சொன்னேனே, எனக்கு அந்தப் பழக்கமில்லை. உறையில் போட்ட அன்றைக்கே துலக்கின காசு ஒன்றை ஏணிக்காலடியில் வைத்து, கையால் அழுத்திப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. ஏணி கொஞ்சம்கூட ஆடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அதையும் எடுத்துவிட்டேன்.