யதுர்ஷன் கீறிய ‘ஓட்டம்’

மேடையில் இருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, பஸ் உரிமையாளர் முன்ஸிர் அவர்களே, இந்தப் பரந்தன் பொதுநோக்கு மண்டபத்தில் கதிரை போதாமல் வாசலிலும் நிற்கும் என் சனங்களே, உங்கள் எல்லோருக்கும் பரமேஸ்வரனின் வணக்கம்.

எல்லாவற்றையும் நான் முதலே சொன்னேன். என் தங்கச்சியின் மகன் யதுர்ஷன் பிறந்த அன்றே சொன்னேன். இவன் கையால் ஒரு எழுத்து வரும், அது ஏ-ஒன்பது வீதி முழுக்க ஓடும், இவன் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு போவான் என்று சொன்னேன். மூன்றாவதைச் சொன்ன வாயை அன்றே யாராவது பொத்தியிருக்கலாம். சிறுநீரகம் அவனைக் கொண்டுபோய்விட்டது.

எழுத்துருக் கலைஞர் யதுர்ஷன் அப்படி என்னதான் செய்தான்? பலகைகளுக்கென்று ‘ஓட்டம்’ என்ற எழுத்தைக் கீறினான். தடித்த எழுத்து, நுனியில் எந்த அலங்காரமும் இல்லாத எழுத்து, முன்னுக்குச் சாய்ந்து நிற்கும் எழுத்து. கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் எந்த எழுத்தும் சாயாதா என்று கேட்பீர்கள். சாயும். ஆனால் ‘ழ’ நசிந்துபோகும், புள்ளி தன் எழுத்தை விட்டுத் தள்ளிப்போகும், தடிப்புக் கூடக்கூட ‘ண’வின் வளையங்கள் அடைபட்டுப்போகும். அவன் ஒவ்வொன்றையும் புதிதாகக் கீறினான். ‘ண’வின் உள்வெளியைத் திறந்துவிடச் சொன்னது நான்தான். பக்கத்தில் இருந்தது நான்தான் என்றாவது எழுதிக்கொள்ளுங்கள்.

முன்ஸிரின் ஒட்டுசுட்டானுக்கு ஓடும் பஸ்ஸில்தான் அது முதலில் ஏறியது. இரண்டு பக்கமும் ‘றிஸ்பா’ என்று அவர் மகளின் பெயர். பஸ்ஸைச் சுற்றிப் பார்த்த முன்ஸிர் யதுர்ஷனின் பலகைக் கடைக்குள் வந்து நின்றார்.

“தம்பி, டிரைவர் பக்கம் பாய்ஞ்சுகொண்டு நிக்குது. சனம் ஏறுற பக்கம் வந்து பாரும். பஸ் பின்னுக்கெல்லோ போகுது.”

“முன்ஸிர் நானா, எழுத்து வலப்பக்கம்தான் சாயும்.”

“அப்ப டிரைவரை ரிவர்ஸில ஓட்டச் சொல்லவோ?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தோம். யதுர்ஷன் சிரிக்கவில்லை. பஸ்ஸின் இடப்பக்கத்துக்கென்றே, இடப்பக்கம் சாயும் இன்னொரு தொகுதியை ‘அ’விலிருந்து கீறி முடித்தான். உலகத்தில் வேறு யார் இதைச் செய்தார்கள்? ஒருவரும் இல்லை என்று துணிந்து சொல்வேன். விசாரித்துப் பார்க்கவில்லை.

ஒட்டுசுட்டான் வீதியில் யானை குறுக்கிடும் என்று எச்சரிக்கும் பலகை யாருடைய எழுத்து? எங்கள் விளையாட்டுக் கழகச் சட்டைகளில் இருப்பது யாருடைய எழுத்து? மோட்டார் சைக்கிளில் வேகமாக வருகிறவன்கூட அதை வாசித்துவிட்டுத்தான் கடப்பான். யானையே வாசித்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கண்டவன் நான்.

ஆனால் மரண அறிவித்தலுக்கு மட்டும் அந்த எழுத்தை அவன் தரமாட்டான். காசைக் கூட்டித் தருகிறோம் என்று வந்தவர்களையும் திருப்பி அனுப்பினான். “மாமா, அது ஓடுற சாமானுக்கும் ஓடிக்கொண்டு வாசிக்கிற ஆளுக்கும் கீறினது. செத்த ஆளின்ர பேரைச் சனம் நிண்டு வாசிக்கவேணும். அதுக்கு நிமிர்ந்த எழுத்துத்தான் சரி,” என்பான்.

இப்போது எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். அவன் பெயர், அவன் முகம், அவனுடைய சாய்ந்த எழுத்து. அதைச் செய்வித்து வீட்டுக்குக் கொண்டுபோனது நான். அவன் மனைவி கஜனி அதை விரித்துப் பார்த்தா.

“மாமா, இதுக்கு அவர் ஒருநாளும் விடமாட்டாரே.”

“பிள்ளை, கடைசியா ஆஸ்பத்திரியில அவனே சொன்னவன், என்ர பேரை மட்டும் சாய்ச்சுப் போடுங்கோ மாமா எண்டு.”

“அவர் சொன்னதெண்டால் சரி.”

அந்தப் பிள்ளை இன்று முன்வரிசையில் இருக்கிறா. வந்த நேரம் தொடக்கம் இந்தப் பதாகையை அவா நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளைக்கோ, சந்தி பஸ் தரிப்பிடத்தில் வைக்கும் கல்லில் இதே எழுத்தில் அவன் பெயரைக் கொத்தப்போகிறார்கள். பதாகை மழையோடு போய்விடும். கல் போகாது.

சனங்களே, அவன் வேலையை நாங்கள் விடமாட்டோம். வெளிறிப்போகும் வீதிப் பலகைகளைத் திரும்ப அடிப்போம். கடையைக் கஜனி நடத்துவா, நாங்கள் துணை நிற்போம். இந்தப் பஸ்கள் ஓடும்வரைக்கும் எழுத்து இரண்டு பக்கமும் முன்னுக்குத்தான் சாயும். இதற்கு நான் பொறுப்பு.

கல்லுக்கும் நானே பொறுப்பு. பிள்ளை கஜனி, அந்தப் பெயரை நிமிர்ந்த எழுத்தில் கொத்தச் சொல்லு. அவன் என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பெயர் நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் அவன் போய்விட்டான் என்று ஆகிவிடும். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. அதனால் நானே கட்டிச் சொன்ன கதை அது. அந்தக் கடைசிப் பின்னேரம் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வெளிக்கிட்ட பிறகு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“கஜனிக்கு பஸ் கிடைச்சிருக்குமோ, மாமா?”