கழுவாமல் வைக்க ஒரு பிலிம்

பத்து பெரண்டாம் ஊரில் உள்ள புகைப்படக் கடையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கடைக்கார அண்ணன் இருந்தார். அந்தத் தம்பதியின் குழந்தைதான் அங்கே இல்லை. குறைமாதத்தில் பிறந்து, மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நான் பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தேன்.

“கறுப்பு வெள்ளை பிலிம் வேணும்ண்ணே. எடுத்து வச்சா போதும், இப்ப கழுவ வேணாம்,” என்றாள் மனைவி.

“கழுவாம எப்படிம்மா பாப்ப?”

“புள்ள வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதோட படத்த யாரும் பாக்கக்கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. போன்ல எடுத்தா நானே பாத்துருவேன்லா.”

கணவன் கையில் பழைய கேமரா ஒன்று இருந்தது. “வார்டுல லைட்ட கொறைச்சித்தான் வச்சிருக்காங்க. ஃபிளாஷ் போட விடமாட்டாங்க. நானூறு ஸ்பீடு பிலிம் போதுமாண்ணே? அதுதான் மலிவு.”

“அந்த இருட்டுல நானூறு போட்டா ஷட்டர் ரொம்ப நேரம் தொறந்திருக்கணும் தம்பி. புள்ள கால ஆட்டுனா படம் கலங்கிரும்.”

“ஆட்டுதுண்ணே,” என்றாள் அவள் அவசரமாக. “நல்லா ஒதைக்குது.”

“அப்ப மூவாயிரத்து எரநூறு ஸ்பீடு பிலிம் வாங்கிக்க. என்ன, படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும்.”

“வரட்டும்லா. புள்ளையோட அப்பா மூஞ்சியும் அப்படித்தான்.”

கணவன் லேசாகச் சிரித்தான்.

“ஆனா எடுத்துட்டு ரொம்ப நாள் வைக்காதம்மா. மங்கிரும்.”

கணவன் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பையைத் திறந்தாள்.

“கழுவுற காசையும் இப்பவே சேத்து எடுத்துக்குங்கண்ணே.”

பிலிமுக்கு எண்பது, கழுவ இருபத்தைந்து. ஆக, நூற்றைந்து வெள்ளியை எண்ணிக் கொடுத்தாள்.