இரவல் சோபா

சர்வோனோ: ஆஸ்பத்திரிக்கு நான் தனியா வந்துக்க மாட்டேனா? சோத்துக்கடையை மூடிட்டு உன்னை யாரு வரச் சொன்னா?

வார்த்தினி: ஒருநாள் மூடினா இந்த சோலோ ஊரு பட்டினி கிடக்காது. நம்ம டோக்கன் என்ன?

சர்வோனோ: நாப்பத்தொண்ணு. இப்பதான் முப்பது. போ, டீ குடிச்சிட்டு வா.

வார்த்தினி: வேணாம். அந்தம்மாவோட காப்பீட்டு அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, பாத்தீங்களா? அழுதுக்கிட்டே போறாங்க...

சர்வோனோ: கண்டதையும் பாக்காதே.

வார்த்தினி: ஜகார்த்தாவுல திட்டத்தையே மாத்துறாங்களாம். இனாம் அட்டை பரம ஏழைக்கு மட்டும்தானாம்.

சர்வோனோ: மாத்துவாங்க, மறுபடி மாத்துவாங்க. நாளைக்கு என்னன்னு அவங்களுக்கே தெரியாது. நமக்கென்ன, நம்ம வீட்டுச் செவுத்துலயே சர்க்கார் ஆளுங்க 'ஏழைக் குடும்பம்'னு பெருசா எழுதி வச்சிருக்காங்களே!

வார்த்தினி: நம்ம பொண்ணு ரத்ரி நிச்சயத்தன்னைக்கு... அதுமேல சுண்ணாம்பு அடிச்சிட்டேன்.

சர்வோனோ: தெரியும். கண்ணு இருக்குடி எனக்கு.

வார்த்தினி: பக்கத்து வீட்டுல சோபாவும் ஃப்ரிட்ஜும் இரவல் வாங்கி...

சர்வோனோ: அதுல நானும் ஜம்முனு உக்காந்து போட்டோ எடுத்தேனே!

வார்த்தினி: விளையாடாதீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பினதும், அட்டைக்காக ஏழைங்க கணக்கெடுக்கிற பொண்ணு வந்தா. இதெல்லாம் யாருதுன்னு கேட்டா. அந்த நேரம் பாத்து சம்பந்தியம்மா, குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்து வாசல்ல நிக்கிறாங்க...

சர்வோனோ: சரி...

வார்த்தினி: எங்களுதுன்னு சொல்லிட்டேன். அவ போன்ல படம் புடிச்சிட்டுப் போயிட்டா.

சர்வோனோ: ம்.

வார்த்தினி: திட்டுங்களேன்! அட்டை போச்சுன்னா வாரம் ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ண எங்கங்க போவோம்? உங்க உசுரு அது... என் வாயாலேயே...

சர்வோனோ: மெதுவா பேசு. எல்லாரும் பாக்கிறாங்க.

வார்த்தினி: முப்பத்தெட்டு கூப்பிட்டாச்சு. வாங்க, முன்னாடி போய் நிப்போம்.

சர்வோனோ: இரு... மூச்சு வாங்குது.

வார்த்தினி: நான் வேணா போய்க் கேக்கறேன். அட்டையைக் குடுங்க.

சர்வோனோ: உக்காரு வார்த்தினி.

வார்த்தினி: கேட்டாத்தானே தெரியும்?

சர்வோனோ: கேட்டாச்சு. போன செவ்வாயே கேட்டாச்சு... செல்லாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமையும் அதே பேச்சு. ரெண்டு நாளும் உள்ளேயே விடல. வெளியில மரத்தடியில பொழுது சாயிற வரைக்கும் உக்காந்துட்டு வீட்டுக்கு வந்தேன். இன்னும் ஒம்பது நாள்ல கல்யாணம்... அது வரைக்கும் தாங்கிடலாம்னு நெனச்சேன்.