இரு நாற்காலிகளில் தனித்தனியே அமர்ந்தவருக்கு

புள்ளியியலின் பொறுமையே! பொருளியலின் பொறுப்பே! கோப்புகளைக் கைக்குழந்தைகளாய் ஏந்திக் கூடமெங்கும் நடந்த கோமானே! இரு துறைக்கு ஒரு தலைவராய் இருந்தும், ஒரு நாளும் இரண்டையும் ஒன்றென எண்ணாத எங்கள் பேராசிரியப் பெருந்தகையே!

ஒரு பல்கலைக்கழகத்தையே திருத்த ஒரு நாற்காலியும் ஒரு பேனாவும் ஒரு பகல்பொழுதும் போதும். எங்களுள் இளையவரும், 'அவசரம்' என்று எங்களால் அன்போடு அழைக்கப்படுபவருமான விரிவுரையாளர், பணியில் சேர்ந்த முதல் வாரமே தேநீர் மேசையில் இவ்வாறு முழங்கினார். அவர் சிரிக்கவில்லை. நாங்கள்தாம் சிரித்தோம்.

உங்கள் கனவோ எளியது, ஐயா! இளங்கலையின் கடைசி ஆண்டிலேயே முதுகலைப் பாடங்கள் சிலவற்றைப் படிக்கவைத்து, ஈராண்டு முதுகலையை ஓராண்டில் முடிக்கச் செய்வது ஒன்று. புள்ளியியலும் பொருளியலும் சேர்த்துப் படிப்போருக்கு இரண்டு முதுகலைப் பட்டங்களை மூன்றே ஆண்டுகளில் வழங்குவது மற்றொன்று. இரண்டுக்கும் இரு துறைத் தலைவர்களின் ஒப்புதலும் வேண்டும். பொருளியல் தலைவர் ஓய்வுபெற்றபோது, புதியவர் வரும்வரை அப்பொறுப்பும் உங்களுக்கே வந்தது. புதியவர் வரவேயில்லை. முன்மொழிபவரும் நீங்களே, ஒப்புபவரும் நீங்களே, இனித் தடுப்பவர் யார் என்று மகிழ்ந்தோம்.

நீங்களே தடுத்தீர்கள்.

புள்ளியியல் தலைவராகக் கையொப்பமிட்டு, கோப்பைக் கட்டி, எழுந்து, கூடத்தின் மறுகோடியிலுள்ள பொருளியல் அறைக்கு நடந்து, அங்குள்ள நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவர் அனுப்பியதைப் போல முதல் பக்கத்திலிருந்து படித்தீர்கள். 'இத்தனை பாடங்களை நடத்த ஆசிரியர் எங்கே?' என்று உங்களுக்கே எழுதினீர்கள். மறுநாள் இங்கே அமர்ந்து அதைப் பிரித்துப் படித்து மனம் வாடினீர்கள். விளக்கம் கேட்கப்பட்ட கோப்பு அடுத்த ஆண்டுக்குப் போகும் என்பது விதி. ஆண்டுதோறும் போயிற்று.

"ஏன் சார், அந்த ரூம் சார் ரொம்பக் கறாரோ?" என்பார் அவசரம்.

"நியாயமாத்தானப்பா கேக்கறாரு."

"ஒரு டீ வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டக் கூடாதா?"

"அவரு டீ குடிக்க மாட்டாருப்பா."

உண்மைதான், நீங்கள் குடிப்பதில்லை. நீங்கள் அப்பால் சென்றதும் அவசரம் ஒரு கோப்புக்கட்டைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே உங்கள் நடையை நடந்து காட்டுவார். "எங்கிட்டப் பொறுப்பு வரட்டும்! ஒரே சீட்டுல உக்காந்து ரெண்டு கையெழுத்தையும் போடறேனா இல்லையா பாருங்க!" என்பார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோதே முதுகலை வகுப்பில் பெஞ்சுகள் ஒவ்வொன்றாய்க் காலியாயின.

இவ்வாண்டு முதுகலையில் சேர மிஞ்சியிருந்தவள் ஒருத்தி. முதல் பெஞ்சுக்காரி. "ஒரு வருஷம்னா படிம்மான்னு அப்பா சொல்லிட்டாரு சார். ரெண்டு வருஷம்னா வேலைக்குப் போங்கறாரு," என்று உங்கள் அறைக்கும் எங்கள் அறைக்குமாய் நடந்தவள்.

சென்ற வாரம் நீங்கள் பணி ஓய்வுபெற்று, இரு பொறுப்புகளையும் அவசரத்திடம் ஒப்படைத்தீர்கள். அன்று மாலைக்குள் கோப்பு கல்விக்குழுவுக்குப் போயாக வேண்டும். கைதட்டுவதற்காக நாங்கள் வாசலில் கூடினோம். முதல் பெஞ்சுக்காரி கூடத்து பெஞ்சில் காத்திருந்தாள். புள்ளியியல் தலைவரின் கையொப்பத்தை அவசரம் ஒரே இழுப்பில் இட்டார். பேனா இரண்டாவது கோட்டுக்கு மேல் வந்தது. அங்கேயே நின்றது.

"இல்ல... இது அந்த ரூம்ல வச்சுப் படிக்க வேண்டியது," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கோப்பைக் கட்டிக்கொண்டு நடந்தார். "ஆயிடுச்சா சார்?" என்று அவள் எழுந்தாள். "இரும்மா, வந்துடறேன்."

அந்த நாற்காலி வாசலைப் பார்த்திருப்பது என்பதை நாங்கள் அன்றுதான் கவனித்தோம். எதிரே இரண்டு வகுப்பறைகள். இரண்டுக்கும் நடுவே, பொருளியலில் எஞ்சிய ஒரே ஆசிரியையான எங்கள் அக்கா, தொண்டை கட்டிப்போய், கையில் சுண்ணாம்புக் கட்டியோடு மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார். அங்கே அமர்ந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவசரம் முதல் பக்கத்திலிருந்து படித்தார். முடித்து, 'விளக்கம் தேவை' என்று எழுதினார்.

முதல் பெஞ்சுக்காரி இப்போது ஒரு மருந்துக்கடையில் ரசீது போடுகிறாள்.

ஐயா! எந்த ஆண்டிலும் நீங்கள் எழுதிய மறுப்பில் பொய்யில்லை. எந்த ஆண்டிலும் நீங்கள் கண்ட கனவில் பிழையில்லை. எங்களால் தாங்க முடியாதது அதுதான். நீங்கள் கெட்டவராய் இருந்திருந்தால் உங்களைத் திட்டிவிட்டு உறங்கியிருப்போம்.

இனி வீட்டில் உங்களுக்கு ஒரே நாற்காலி. அதில் சாய்ந்து அமருங்கள். யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராத காலைகளும், எவரும் விளக்கம் கேட்காத உடல்நலமும் நெடுங்காலம் உங்களுடையவாகுக!

என்றும் உங்கள் அன்பில் கட்டுண்ட,
இரு துறைப் பணியாளர்கள்

இம்மடலில் இரு துறைத் தலைவர்களும் கையொப்பமிட வேண்டும். புள்ளியியல் தலைவர் இட்டுவிட்டார். மடலை எடுத்துக்கொண்டு பொருளியல் அறைக்குப் போயிருக்கிறார். இதற்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர் கூடத்து பெஞ்சில் காத்திருக்கிறார்.