மூன்றாவது தடவை

உங்கள் பொலிஸ் ஸ்டேஷன் பிளேன்டீயில் இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது ஐயா. பரவாயில்லை, பதுளைப் பனிக்கு நல்லதுதான். நீங்களும் குடியுங்கள், ஆறிப்போகும்.

என் பெயர் ஸைனப். லுணுகலை ரோட்டில் இருக்கிற தர்ம ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பான சிஸ்டர். தாதிப் பிள்ளைகளைத் தியேட்டர் வேலைக்குப் பழக்குகிறவளும் நான்தான். பெரிய இடங்களில் அதற்கென்று ரப்பர் பொம்மை வைத்திருப்பார்களாம். நமக்கு எங்கே? ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கே க்யூவில் நிற்கிற காலம். கோதுமை மாச் சாக்கில் தேங்காய்த் தும்பை அடைத்து, வயிற்றுக்குள் சிவப்புத் துணி வைத்து, நானே ஓர் ஆளைத் தைத்தேன். பிள்ளைகள் அதற்குச் சாக்கம்மா என்று பேர் வைத்தார்கள். விளக்குப் போட்டு, கையுறை மாட்டி, நிஜ ஒப்பரேஷன் போலவே சாக்கம்மாவைத் திறந்து மூடுவோம். நான்தான் டொக்டர். வேண்டுமென்றே ஒரு பிழை விட்டு, யார் கண்டுபிடிக்கிறாள் என்று பார்ப்பேன்.

இரத்தம் ஒற்றுகிற கோஸ் துணி ஒன்று வயிற்றுக்குள் தங்கினால் சீழ் பிடித்து ஆளே போய்விடும். அதனால் தைப்பதற்கு முன் எண்ண வேண்டும். குறைந்தால் சொல்ல வேண்டும். டொக்டர் நம்பாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். அப்போதும் நம்பாவிட்டால், மூன்றாவது தடவை, வேலை போனாலும் போகட்டும் என்று அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இது நான் வைத்த சட்டம். நல்ல சட்டம்தானே ஐயா?

தனலெட்சுமி கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. அவளுடைய அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். இந்தப் படிப்பில் தேறாவிட்டால் இவளும் கூடையைத் தூக்க வேண்டியதுதான். கெட்டிக்காரி. சாக்கம்மாவுக்குள் நான் எதை ஒளித்தாலும் பிடித்துவிடுவாள், மூன்று தடவையும் கணீரென்று சொல்வாள். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தும்புப் பொம்மைக்கு முன்னால் யார்தான் தைரியசாலி இல்லை? எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை ஐயா. அவளை அரைகுறையாக அனுப்ப மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பெரியாயி வந்தாள். வயிற்றில் கட்டி. பிள்ளைகளைத் தோட்டத்து லயத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மயக்கம் கொடுக்கும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, கைப்பிள்ளைக்காரிங்க. பாத்துச் செய்ங்க," என்றாள். பயப்படாதே என்றேன்.

டொக்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தது நான். எண்ணியது தனலெட்சுமி. விளக்கைத் திருப்பச் சொல்லி டொக்டர் தலையைத் தூக்கிய நேரத்தில், ஒரு கோஸ் துணியைக் குடலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். இடம் எனக்குத் தெரியும். எடுக்க ஒரு நிமிஷம் போதும்.

"ஒண்ணு கொறையுது டொக்டர்," என்றாள் தனலெட்சுமி.

டொக்டர் என்னைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"இல்லங்க சிஸ்டர், கொறையுதுங்க."

"எல்லாம் இருக்கு. நான் பாத்தேன்."

மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். வாயைத் திறடி என் தங்கமே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். டொக்டர் தைத்து முடித்தார்.

மறுநாளே பெரியாயிக்குக் காய்ச்சல் கண்டது. வயிறு கல்லாட்டம் இறுகிப்போனது. "மிஸ்ஸி, உள்ளுக்க என்னமோ இருக்குங்க," என்று அவளே என்னிடம் சொன்னாள். டொக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். நான் நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன், கஞ்சி ஊட்டினேன். தினமும் காலையில் தனலெட்சுமியைக் கூப்பிட்டு, "டொக்டர்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா மகள்?" என்று கேட்டேன்.

"நீங்க சரின்னு சொன்னீங்களே சிஸ்டர். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்," என்பாள். கண் நிறைந்திருக்கும். வாட்டுக்குப் போய்ப் பெரியாயியின் காலடியில் சும்மா நின்றுவிட்டு வருவாள். அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பெரியாயியின் புருஷன் முருகையா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது பாலுக்கு அழுதது. அவளுக்குக் கையைத் தூக்கவும் பலமில்லை. "ஏதாச்சும் செய்ங்கம்மா, ஒங்க காலுல விழறேன்," என்றான். பாவம், என்னால் என்ன செய்ய முடியும்? மறுநாள் அவள் போய்விட்டாள்.

உடலை அறுத்துப் பார்த்தபோது துணி கிடைத்தது. தான்தான் கொன்றதாகத் தனலெட்சுமி உங்களிடம் அழுதிருக்கிறாள். அவள் எண்ணியது சரி. துணியை வைத்தது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இடையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் பெரியாயி பிழைத்திருப்பாள், உண்மைதான். ஆனால் பரீட்சை நடக்கும்போதே விடையைச் சொல்லிக் கொடுக்கிறவள் நானில்லை ஐயா.

தனலெட்சுமியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் அவளுக்கு நான் தேர்ச்சி கொடுக்கவில்லை, அதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். பிழை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒருத்தியை நம்பி நோயாளியை எப்படி ஒப்படைப்பது?